வெட்டியெறிந்த நான்கு நிமிடங்கள்

"அக்கா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ. உங்கட நிழல் கார்ப் பொனற்றில விழுது."

வீடியோக்காரர் ரவி இப்படிச் சொன்னபோது நான் பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, என் வீட்டு வாசலில், என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மொன்றியல் ரொக்ஸ்பரோவில் நல்ல வெயில் எறித்த ஒரு சனிக்கிழமைக் காலை. கலியாண வீடு, சத்தம் போடக் கூடாது என்று தள்ளி நின்றேன்.

ஓட்டுநர் இருக்கையில் என் கணவர் அமலதாஸ் இருந்தார். முதல்நாள் பின்னேரம்தான் ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர். சாம்பல் நிறக் கோட், சட்டைப் பையில் ரோசாப்பூ. ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சொன்னார்:

"மூண்டு வருசம் பட்ட பாடு. ஒவ்வொரு நட்டும் என்ர கையால பூட்டினது. அக்கான்ர மகளின்ர கலியாணத்துக்கெண்டே செய்து முடிச்சனான். நாளைக்கே ரொறன்ரோவுக்குக் கொண்டு போறன். அங்க எங்கட ஆக்கள் பாக்க வேணுமெண்டு நிக்கினம்."

அந்த மூன்று வருடத்தில் அவர் எங்கள் கராஜுக்குள் கால் வைத்தது மூன்றே தடவை. மூன்றும் மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு. மூன்று தடவையும் பியர் எடுக்க.

இந்த இதழில் நான் எழுதும் பத்தியில் போன வாரக் கட்டுரையைப் படித்த ஒரு வாசகி, இவ்வளவு கோபத்தை எழுத்தில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வேறு எங்கே வைப்பது என்று அவரே சொல்லட்டும். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

இல்-பிசாரில் இருந்து வந்த கூடு

கார் ஒரு மொறிஸ் மைனர். எங்கள் இரண்டு பேரையும்விட வயது கூடியது. பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஓர் ஆங்கிலக் கிழவியின் மரக்கொட்டிலில் பல வருடம் கிடந்தது. அதை வாங்கியவர் என் கணவர்தான். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

"எங்கட ஊரில டொக்டர்மாரும் சுவாமிமாரும்தான் உந்தக் கார் வைச்சிருந்தவை," என்றார். ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது மாதா கோயில் வாசலில் இந்தக் கார் நிற்க வேண்டும், தான் அதில் சாய்ந்து நிற்க வேண்டும். அவருடைய ஆசை முழுவதும் அதுதான்.

வந்து இறங்கியதைப் பார்த்தேன். இருக்கைக்குள் எலிக்கூடு. கதவைத் திறந்தால் துரு மாவாகக் கொட்டியது. உள்ளே ஏறி நின்றால் தரைத்தகட்டில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே கொங்கிறீற் தெரிந்தது. அந்தக் கூட்டுக்கு இடம் விட்டு, நான் வேலைக்குப் போகும் என் சின்னக் கார் கராஜிலிருந்து வெளியே போய் நின்றது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மூன்று சிநேகிதர்கள். காரைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்கள். கழற்றிய நட்டு, போல்ற், வாஷர், திருகாணி அத்தனையும் ஒரே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போனது.

எங்கள் வீடுகளில் பிஸ்கற் ரின்னுக்குள் பிஸ்கற் இருந்ததை யாராவது கண்டதுண்டா? ஊசி நூல் இருக்கும், பாஸ்போட் இருக்கும், அறுந்த செபமாலை இருக்கும். ஒரு காரையே ரின்னுக்குள் போட்டு மூடியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதவில்லை. ஒரு படம் எடுக்கவில்லை.

"எல்லாம் என்ர மண்டைக்குள்ள இருக்கு," என்றார்.

அந்த மண்டை வைகாசி மாதம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. சிநேகிதரோடு சேர்ந்து கடை போடப் போகிறாராம், ஆறு மாதத்தில் வருவாராம். ஆறு மாதம் ஒரு வருடமாகி, பிறகு அதைப் பற்றிய கதையே இல்லாமல் போனது. கிழமைக்கு ஒரு தொலைபேசி, அதிலும் தடிமன் பிடித்த கதை. அவருடைய அக்கா பிலோமினா மச்சாள் லாசாலில் இருந்து எடுத்து, "பாவம் அவன், அங்க தனியச் சமைச்சுச் சாப்பிடுறான்," என்று என்னிடமே அழுவா. இங்கே நானும் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிட்டேன். எனக்கு ஒருவரும் அழவில்லை.

சவிரிமுத்து மதாம்

அவர் போன அதே வருடம், மார்கழி முழுக்கப் பனி. காலை ஐந்தரைக்கு எழும்பி, என் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்துத்தான் வேலைக்குப் போக வேண்டும். கராஜுக்குள் அந்தச் செத்த கார் சொகுசாகக் கிடந்தது. ஒரு நாள் பனி அள்ளும் சவள் பிடித்த கை விறைத்துப்போய், அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பெரிய உடம்புக்காரர், பிரெஞ்சுக்காரர். காரைச் சுற்றிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுக் கார்ப் பதிவுப் பத்திரத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

"சவிரிமுத்து மதாம்?"

சவிரிமுத்து என் அப்பா. என் பாஸ்போட்டில் நான் ஜெசிந்தா அமலதாஸ். கோயிலில் திருமதி அமலதாஸ், அழைப்பிதழ்களில் அமலதாஸ் குடும்பம். ஆனால் கியூபெக் அரசாங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கலியாணம் கட்டினாலும் பெண்ணுக்குப் பிறந்த பெயர்தான் பெயர். வந்த புதிதில் அது பெரிய கரைச்சலாக இருந்தது. அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

கார் வாங்கிய நேரம் என் கணவருடைய லைசன்ஸ் பறிபோயிருந்தது. தன் பெயரில் பதியப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, சமையலறையில் நின்ற என்னிடம் ஏதோ கடுதாசியை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர். கார் என் பெயரில் இருந்தது. சவிரிமுத்து ஜெசிந்தா.

"நீங்கள்தான் உரிமையாளர். இதில் கையெழுத்து வையுங்கள், இப்பவே தூக்குகிறேன்," என்று அவர் பேனையைத் தந்தார்.

பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் மீது ஆசை வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். எனக்கு வந்தது ஆத்திரம். என் கராஜ், என் பெயர், நான் தோண்டுகிற பனி. இதற்குள் என் கணவர் தன் பெருமையைப் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் காவல் இருக்கிறேன். இல்லை, இது இனி என்னுடையது என்று அந்த இடத்தில் நினைத்தேன். பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். இரும்புக்காரர் தோளைக் குலுக்கி, "மெர்சி மதாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆர் செய்யிறது?

லாசாலில் தகட்டு அலுமாரி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது எட்டு வருடமாக வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நூறு அலுமாரிக்கு மூலை ஒட்டிய கை. இதை நான் சொன்னால் எங்கள் சனம், "ஓ, ஃபாக்டரி வேலையோ," என்று அடுத்த கதைக்குப் போய்விடும். துருப்பிடித்த தரைக்குத் தகடு வெட்டி ஒட்டுவது எனக்குத் தெரிந்த வேலைதான் என்பது ஒருவர் தலையிலும் ஏறவில்லை.

முதலில் அந்தப் பிஸ்கற் ரின். பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து முழுவதையும் கொட்டினேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த திருத்தற் கைநூல் ஒரு பக்கம், ரின் ஒரு பக்கம். ஒவ்வொன்றாகப் பிரித்து முட்டைப் பெட்டிக் குழிகளில் போட்டுப் பெயர் எழுதினேன். பத்து ஞாயிறு போனது. ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு தடவை அவரைத் திட்டினேன் என்று கணக்குப் போட்டால், ஆயிரத்துக்குக் குறையாது. பூசைக்குப் போய்விட்டு வந்துதான் திட்டினேன்.

பிறேக்குக்கு எண்ணெய் தள்ளும் சிலிண்டர் இந்தக் காரில் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கழற்ற மல்லாந்து படுத்து, கையை முழங்கை வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவ வேண்டும். கண்ணைத் திறந்தால் துரு விழும். மாசி மாதக் குளிரில் இரும்பு தோலோடு ஒட்டும். விரல் நுனிகள் வெடித்து, கறிக்கு உப்புப் போடும்போது எரியும்.

இஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக் துளைகளுக்குள் எண்ணெய் விட்டு மூன்று கிழமை ஊற விட்டேன். தினமும் வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்ற முதல் ஒரு தடவை நெம்பிப் பார்ப்பேன். ஒரு நாள் அது அரை விரலளவு அசைந்தது. கராஜில் தனியாக நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த மூன்று வருடத்தில் நான் முழுக்கச் சந்தோசமாக இருந்த நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கோடையில் கராஜ் கதவைத் திறந்து வைத்து வேலை செய்வேன். ஒரு நாள் கோயில் ஆள் ஒருவர் திருநாள் கடிதத்தோடு வந்தார். நான் காருக்கு அடியில், என் கணவரின் பழைய காற்சட்டையோடு. வெளியே தெரிந்தது கால் மட்டும்.

"தம்பி, அமலதாஸ் நிக்கிறாரோ?"

நகர்ந்து வெளியே வந்தேன். அவருக்கு முகம் மாறியது. "தங்கச்சியோ! அவர் இல்லையோ?"

"ரொறன்ரோவில."

"அப்ப ஆர் கார் செய்யிறது?"

"நான்."

"அது சரி," என்று என்னைத் தாண்டிக் கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். "ஆர் செய்யிறது?"

உள்ளே யாரோ ஓர் ஆம்பிளை ஒளிந்திருக்கிறான் என்று அவர் உண்மையாகவே தேடினார். நான் திரும்பக் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் கடிதத்தை எங்கே வைத்தார் என்று இன்றுவரை தெரியாது.

பிலோமினா மச்சாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதைவிட மோசம். வெல்டிங் முகமூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தா. "உந்த வெக்கையெல்லாம் பொம்பிளைக்கு அடிவயித்துக்குக் கூடாது, ஜெசிந்தா. அதுதான் போல…" என்று இழுத்துவிட்டு நிறுத்தினா. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த முகமூடியை அவவின் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம்.

அதே மச்சாள், அடுத்த வருடம் கார் வெளிர்பச்சைப் பெயின்ரில் மினுங்கிக்கொண்டு வாசலில் நின்றபோது வாயைப் பிளந்தா. மகள் மெலனிக்குக் கலியாணம். லாசாலில் மூன்றாம் மாடி அப்பாட்மென்ற் வீடியோவுக்கு எடுபடாதாம். மணப் பொம்பிளையை என் வீட்டிலிருந்து, என் காரில் அனுப்ப வேண்டுமாம்.

மெலனி நல்ல பிள்ளை. சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: கார் நான்தான் ஓட்டுவேன்.

"ஓம், ஓம், வேற ஆர் ஓட்டுறது," என்றா மச்சாள்.

ஒன்பது மணிக்கு முதல்

கலியாணக் காலை, சமையலறையில் சாவி மாட்டும் ஆணியில் கார்த் திறப்பு இல்லை.

"தாய்மாமன் ஓட்டிக்கொண்டு போறதுதான் முறை," என்றா மச்சாள், என் முகத்தைப் பார்க்காமல், சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே. "வீடியோவிலயும் வடிவா இருக்கும். ஒரு நாள்தானே, விட்டுக்குடும்."

வாசலுக்கு வந்தேன். அங்கேதான் நான் முதலில் சொன்ன காட்சி. இருக்கையில் இவர், கையில் கமராவோடு ரவி, பொனற்றில் என் நிழல்.

மெலனி வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகப் பின் இருக்கையில் ஏறினா. மச்சாளுக்கு ஒரே அவதி. சனிக்கிழமை ஒன்பதுக்கு இராகு காலம் தொடங்கும். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். ஆனால் மச்சாள் வீட்டில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே தமிழ்க்கடைக் காலண்டரும் தொங்கும். சுவாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்குவா, புறப்படுகிற நேரத்தைக் காலண்டரிடம் கேட்பா. ஒன்பதுக்கு முதல் கார் வாசலைக் கடக்க வேண்டும். அப்போது மணி எட்டு ஐம்பத்திரண்டு.

"எடு, எடு," என்றா தம்பியிடம்.

இவர் திறப்பைத் திருப்பினார். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் திருப்பினார். விளக்கு அணைந்து எரிந்தது.

இந்தக் காரில் திறப்பைத் திருப்பினால் மின்சாரம் மட்டும்தான் வரும். இஞ்சினை எழுப்ப, கீழே ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அதைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு நட்டையும் கையால் பூட்டிய மனிதருக்கு அது தெரியவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பற்றறி இறங்கிப்போச்சு," என்றார் கமராவுக்குச் சிரித்துக்கொண்டு. இறங்கி வந்து பொனற்றைத் திறக்கப் பார்த்தார். கொக்கி எங்கே என்று தெரியாமல் தடவினார். மூன்று கோட்டுக்காரர்கள் கூடினார்கள். ஒருவர் பெற்றோல் இல்லை என்றார், ஒருவர் பிளக் நனைந்துவிட்டது என்றார். இவ்வளவு நேரமும் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. இவர் திரும்பப் போய்ச் சீற்றில் ஏறினார்.

"மெலனியை மற்ற வான் வண்டியில ஏத்துவம்," என்று யாரோ சொல்ல, மச்சாள் கத்தினா: "ஏறின பொம்பிளையை இறக்கக் கூடாது! ஆண்டவரே, அஞ்சு நிமிசம்தான் கிடக்கு!"

"அப்ப தள்ளுவம்."

மோதிரம் போட்ட ஆறு கைகள் பின்பக்கப் பெயின்ரில் போய் ஊன்றின. ஏழு தடவை அடித்து, ஏழு தடவை நனைத்துத் தேய்த்து, காயும்வரை கராஜில் மூச்சை அடக்கி நடந்த பெயின்ர்.

"கையை எடுங்கோடா!"

என் குரல்தான். எனக்கே புதிதாக இருந்தது. கைகள் எடுபட்டன. நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்கோ."

இவர் தலையைக் குனிந்து, கமராவுக்குக் கேட்காமல் சொன்னார்: "ஜெசி, சனம் பாக்குது. என்னெண்டு ஸ்ரார்ட் பண்ணுறதெண்டு மட்டும் சொல்லும். நான் ஓட்டுறன்."

"சொல்ல மாட்டன். இறங்குங்கோ."

"மானத்தை வாங்காதையும்."

"மூண்டு வருசம் பட்ட பாடெண்டு சொன்னீங்கள். எந்த இடத்தில பிடிச்சு இழுக்கிறதெண்டு தெரியாதோ?" இதைச் சத்தமாகவே கேட்டேன். வாசலில் நின்ற ஐம்பது பேருக்கும் கேட்டது.

அப்போது பின்னாலிருந்து மெலனி சொன்னா, தான் பேசுகிற அந்த மொன்றியல் தமிழில்: "மாமா, பிளீஸ் இறங்குங்கோ. மாமிதானே செய்தது. எல்லாருக்கும் தெரியும்தானே."

எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு நாளும் தெரியாமல்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த நான்தான் மடைச்சி.

இவர் இறங்கினார். நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினேன். குளிர்ந்த இஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை வெளியே இழுத்து, திறப்பைத் திருப்பி, குமிழைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுவை. அந்த இஞ்சின் குரலை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கண் கலங்கியது. எட்டு ஐம்பத்தாறுக்கு வாசலைக் கடந்தோம்.

நீங்களும் பேப்பரில

அடுத்த நாள் காலை இவர் பயணப் பையோடு சமையலறைக்கு வந்து கையை நீட்டினார். "திறப்பைத் தாரும். அங்க ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்."

பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். சவிரிமுத்து ஜெசிந்தா என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அது பேப்பரில தானே," என்றார்.

"நீங்களும் பேப்பரில தான்," என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு நத்தாருக்கும் வரவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து மச்சாள் கலியாண வீடியோ அனுப்பினா. மூன்று டிஸ்க், பொன்னிற உறை. போட்டுப் பார்த்தேன். இவர் சீற்றில் இருந்து மூன்று வருசம் பட்ட பாடு சொல்கிறார். உடனே ஒரு பாட்டு. பாட்டோடு கார் தெருவில் தூரத்தில் போகிறது, ஓட்டுகிற முகம் தெரியவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், கார் உதவி: மணமகளின் தாய்மாமன்.

ரவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அது நல்லா வரேல்லையெண்டு பொம்பிளையின்ர அம்மா வெட்டச் சொன்னவ, அக்கா," என்றார் பாவம், தடுமாறிக்கொண்டு. "நாலு நிமிசம்தான் போனது."

"அந்தத் துண்டை எனக்குத் தாரும்."

"அந்தக் கசற்றில பேந்து வேற கலியாணம் எடுத்திட்டன்."

என் நான்கு நிமிடத்துக்கு மேல் யாரோ முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். ரவியை ஏசிப் பிரயோசனம் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய், காருக்குள் கொஞ்ச நேரம் இருந்தேன்.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மெலனி கோயில் வாசலில் இறங்கும்போது கதவில் பட்ட சின்னக் கீறலை மட்டும் நான் திருத்தவில்லை. அது அந்தப் பிள்ளையின் கீறல், இருக்கட்டும்.

அந்த நான்கு நிமிடத்தை, எட்டு ஐம்பத்திரண்டிலிருந்து எட்டு ஐம்பத்தாறு வரை, ஒரு சொல் விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். இந்த இதழில் ஒரு பிரதியைப் பிலோமினா மச்சாளுக்குத் தபாலில் போடுகிறேன். உறையில் அனுப்புநர் பெயர் சவிரிமுத்து ஜெசிந்தா. இதையும் வெட்ட வேண்டும் என்றால் அவ இந்த முறை கத்தரிக்கோலைத்தான் தேட வேண்டும். அவவிடம் இருக்கிற ஒரு பிரதியை வெட்டி முடிக்கும்போது, மற்ற வீடுகளில் எல்லாம் வாசித்து முடித்திருப்பார்கள்.